இத்தா வீட்டுக் கிணறு

கடற்கரை ஊருக்குப் போய்க் கடலைப் பார்க்காமல் திரும்பியவள் நான். அதைச் சொன்னால் இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கருமத்தம்பட்டியில் நாங்கள் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறோம். தறி மோட்டார், கிணற்று மோட்டார், எது எரிந்தாலும் வரும். காயில் சுற்றுவது நான். கழற்றுவது, மாட்டுவது, கடைக்கு வருகிறவர்களிடம் சண்டை போடுவது எல்லாம் என் வீட்டுக்காரர். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. செம்புக் கம்பிக்கு அது போதும்.

புயல் அடித்துச் சில வாரம் ஆகியிருக்கும். உக்கடத்திலிருந்து ஒரு பாய் வந்தார். பழைய இரும்பு வியாபாரி. எரிந்த செம்பை நாங்கள் அவரிடம்தான் போடுவோம். அவர் மனைவிக்குக் கிழக்குக் கடற்கரையில் ஊர். முழுக்க முஸ்லிம்கள் இருக்கும் ஊர். கடல் உள்ளே ஏறிக் கிணறுகளையும் மோட்டார்களையும் உப்பில் முக்கிவிட்டது, கரண்ட் இப்போதுதான் திரும்பியிருக்கிறது, அங்கே மெக்கானிக் கிடைக்கவில்லை என்றார்.

"ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார்.

"ஏனுங்க பாய், அத்தனை தூரம் நானும் எதுக்குங்க? அவரு போனாப் பத்தாதுங்களா?"

"அவரு மட்டும் போனா தெருவுலயே நிக்க வேண்டியதுதாம்மா. ஊட்டுக்குள்ள யாரு போறது? நீ போனாத் தெரியும்."

அப்போது எனக்குப் புரியவில்லை. டெம்போவில் மோட்டார்களையும் குழாய்களையும் ஏற்றினோம். விடியுமுன் கிளம்பினோம்.

கரூர் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கடல் பக்கம் நெருங்க நெருங்க தென்னை எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தது. கூரை இருந்த இடத்தில் நீல தார்ப்பாய். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு படகு கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். ஊருக்கு ஊர் ஆட்கள் கயிறு கட்டி வண்டியை மறித்தார்கள்.

"நிவாரண வண்டியா? என்ன கொண்டு வந்தீக?"

என் வீட்டுக்காரர் இறங்கிப் பின்பக்கம் திறந்து காட்டுவார். அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அரிசி இல்லை, போர்வை இல்லை. இரும்பும் செம்பும்.

"இதைத் தின்னவா முடியும்?" என்றான் ஒருவன்.

"நாங்க இதைத்தானுங்க திங்கறோம்" என்றார் இவர்.

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த ஊரில் மறுபடியும் கயிறு. இப்படியே எத்தனை இடம். காலையில் போய்ச் சேர வேண்டியவர்கள் உச்சி வெயிலில்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் எல்லையில் ஜமாஅத் செயலாளர் நின்றிருந்தார். வெள்ளைத் தொப்பி, மெதுவான பேச்சு. என்னிடம் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் அது மரியாதை என்று தெரிந்தது.

எந்த வேலை முதலில் என்று அவரே சொன்னார். தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பெண்கள்தான் நடப்பார்கள். அந்தச் சந்து முழுவதற்கும் ஒரே ஒரு வீட்டுக் கிணற்றில்தான் குடிக்கிற தண்ணீர். தண்ணீர் லாரி பெரிய தெருவில்தான் நிற்கும். அங்கே ஆண்கள் கூட்டத்தில் இந்தச் சந்துப் பெண்கள் போய்க் குடத்தோடு நிற்க மாட்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்களில் பாதிப் பேர் வெளிநாட்டில்.

"அப்ப அந்தக் கெணத்துக்கே போலாமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போக முடியாதுண்ணே. அந்த வீட்டுக்காரர் படகைக் கட்டப் போயி புயல்ல மவுத்தாயிட்டார். அந்தம்மா இத்தாவுல இருக்கு."

புருஷன் இறந்த பெண் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதுதான் இத்தா. அன்னிய ஆண் கண்ணில் படக் கூடாது. செயலாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

"நாளைக் காலையில டீசல் இஞ்சினும் ஆளுங்களும் வர்றாங்க. கிணத்தை மொத்தமா இறைச்சுடலாம்னு ஏற்பாடு. அதுக்கு அந்தம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயி இருக்கணும். மாட்டேங்குது. நிர்ப்பந்தம்னா போகலாம், மார்க்கத்துல இடமிருக்குன்னு சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்குது. உங்க சம்சாரம் உள்ள போயி இன்னிக்குள்ள மோட்டாரை ஓட்டிட்டா இஞ்சின் தேவையில்ல. அந்தம்மா வீட்டிலேயே இருந்துக்கலாம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குக் காயில் சுத்தத்தான் தெரியுமுங்க. பிட்டிங் தெரியாதுங்க" என்றேன்.

"போன்ல சொல்றேன். போ அம்மிணி" என்றார்.

சந்து முனையில் அவர் நின்றுகொண்டார். நான் ஸ்பானர் பையோடு உள்ளே போனேன். காலையில் வைத்த பூ தலையில் இருந்தது. அந்த வீட்டு வாசலில் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது பக்கத்து வீட்டம்மா. வாய் பெரிய வாய். உள்ளே வெள்ளைச் சேலையில் அந்த வீட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். பால் திரிந்திருந்தது. உப்பு நாக்கில் நின்றது. குடித்துவிட்டேன்.

"நாங்க இதைத்தான் குடிக்கிறோம்" என்றாள். "முன்னே இந்தக் கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்."

கிணறு கொல்லை முற்றத்தில் இருந்தது. சந்துப் பெண்கள் சிலர் அங்கே கூடியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பத்தடியில் தண்ணீர் பளபளத்தது. எங்கள் ஊரில் நூறடிக்கு வெட்டினால் பாறை வரும். பத்தடியில் தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் ஒரு மாரியம்மன் கோயிலே கட்டிவிடுவார்கள்.

திட்டில் அரை ஹெச்பி மோட்டார் ஒன்று. கரண்ட் வந்த அன்றே யாரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். எரிந்துபோயிருந்தது. நான்கு போல்ட்டும் துரு. போனை ஸ்பீக்கரில் போட்டுத் திட்டில் வைத்தேன்.

"அம்மிணி, கேக்குதா?"

அவர் குரல் கேட்டதும் முற்றத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் சட்டென்று முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்கள். போனுக்கு முன்னால்.

"என்னடி இது, உன் வீட்டுக்காரவுஹ குரலு? எங்க பள்ளிவாசலுக்கு ஸ்பீக்கரே வேணாம் போலயே" என்றாள் பக்கத்து வீட்டம்மா.

"மெதுவாப் பேசுங்க" என்றேன் போனில்.

"மெதுவாப் பேசுனா உனக்கு எங்க கேக்குது? மண்ணெண்ணெ ஊத்தினியா? ஊத்திப்போட்டுச் சுத்தியல்ல தட்டு. எடப்பக்கம் திருப்பு."

"திரும்ப மாட்டேங்குதுங்க."

"திரும்பும், திருப்பு."

"நீங்க வந்து திருப்புங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெள்ளைச் சேலைக்காரியும் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

கை தோல் உரிந்தது. ஒரு போல்ட் தலை முறிந்தது. பக்கத்து வீட்டம்மா ஸ்பானரின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மற்றவை திரும்பின. எனக்கு அந்த ஊர்மேல் எரிச்சல், அவர்மேல் எரிச்சல், துருமேல் எரிச்சல். அவர் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலை. சந்து முனையில் சும்மா நிற்கிறார்.

"பழசு கெடக்கட்டும். ரெண்டு ஹெச்பி போடு" என்றார். "எங்கூர்ல அரை ஹெச்பியெல்லாம் மோட்டாருன்னே சொல்ல மாட்டோம். புட்வால்வத் தரையத் தொடற மாதிரி எறக்கு."

புட்வால்வு என்பது கிணற்றுக்குள் தொங்கும் குழாயின் அடிமுனை. தண்ணீர் ஏறுவது அதன் வழியாகத்தான். பழைய குழாய் பாதிக் கிணறுவரைதான் இருந்தது.

வெள்ளைச் சேலைக்காரி அருகே வந்தாள். போனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்.

"அடி வரைக்கும் இறைக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரவுஹ இருந்தா விட மாட்டாஹ. பாதிக்கு மேல இறைச்சாக் கடல் வந்துடும்பாஹ."

போனில் இவருக்குக் கேட்டுவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க. உப்புத் தண்ணி கனமுங்க, அடியில உக்காந்துக்கும். அதைய மொத்தமா எடுத்துப்போட்டாத்தான் புதுசா நல்ல தண்ணி ஊறும். எத்தனை கெணறு தூர் வாங்கியிருக்கோம்!"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் ஊரில் கிணற்றைச் சுத்தம் செய்வதென்றால் தரை தெரிய இறைப்போம். சேற்றை அள்ளுவோம். பிறகு பாறை இடுக்கில் புதுத் தண்ணீர் வரும். அது இனிக்கும்.

அவள் மேலே பேசவில்லை. "உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

சந்து முனையிலிருந்து இரண்டு ஹெச்பியைச் சாக்கில் வைத்து நாங்கள் பெண்களே இழுத்துவந்தோம். பக்கத்து வீட்டம்மா வழிநெடுக என் பேச்சைச் சொல்லிக் காட்டினாள்.

"புடிங்க, தூக்குங்க, வெய்யிங்க. இவ கழுதையைக்கூட வாங்கன்னுதான் கூப்பிடுவா போல."

"கழுதையா இருந்தா இந்நேரம் கொண்டாந்து சேத்திருக்குமுங்க" என்றேன்.

"ஏய், வாயும் இருக்குடி இவளுக்கு!"

மாலைத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும் நேரத்தில் மோட்டார் ஓடியது. குழாய் நிறையத் தண்ணீர். முற்றத்தில் குழந்தைகள் குதித்தன. கொல்லைத் தென்னங்குழியில் விட்டோம். மணல் அத்தனையையும் குடித்தது. எவ்வளவு விட்டாலும் தேங்கவே இல்லை. நல்ல மண் என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாயும்போது கிணற்றுத் தரை தெரிந்தது. சுவிட்சை நிறுத்தினேன்.

"நாளைக்குக் காலையில பாருங்க. இளநி ஊறியிருக்கும்" என்றேன் அவளிடம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் போக வேணாமே?"

"வேண்டாமுங்க."

"அவுஹ மவுத்தான சேதி வந்தப்போ இந்த வாசல்லதான் நின்னேன். முடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும். மார்க்கம் விட்டாலும் எனக்கு மனசு விடாது."

எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது. என்னைப் பெண்கள் மதரஸாவில் படுக்க வைத்தார்கள். அவர் டெம்போவில் படுத்தார்.

காலையில் போனேன். கிணற்றில் பழைய மட்டத்துக்கே தண்ணீர் நின்றது. தெளிவாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டம்மா ஒரு டம்ளரை நீட்டினாள்.

வாயில் வைத்தேன். துப்பினேன். நேற்று உப்புக் கரித்த தண்ணீர். இன்று வெறும் உப்பு.

"நேத்து சோறாவது வெந்துச்சு" என்றாள் பக்கத்து வீட்டம்மா. "இப்போ சோப்புகூட நுரைக்கல. உங்க ஊர் ரெண்டு ஹெச்பி கடலையே கூட்டியாந்துடுச்சு."

வெள்ளைச் சேலைக்காரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் ஒரு பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போக.

போன் போட்டேன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கோம் தெரியுங்களா? தண்ணி முழு உப்பாப் போச்சு."

"அதெப்புடி?"

"அந்தம்மா நேத்தே சொல்லுச்சு. நீங்கதான் காதுல வாங்கல."

"நீயுந்தான் வாங்கல."

அது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. போனை அணைத்தேன்.

அப்புறம்தான் யோசித்தேன். இந்த ஊரில் பாறை இல்லை. மணல். ஒருபக்கம் கடல். மேலே மழைத்தண்ணீர் மிதக்கிறது. அதை எடுத்துத் தரை தெரிய வைத்தால் காலியான இடத்துக்கு வேறெது வரும்? போதாததற்கு இறைத்த உப்பைக் கிணற்றுக்கு இருபதடி தள்ளி மணலிலேயே விட்டேன். அதுவும் திரும்பி உள்ளேதான் வந்திருக்கும். நல்ல மண் என்று வேறு நினைத்தேன்.

சந்து முனையில் படபடவென்று சத்தம். டிராக்டரில் டீசல் இஞ்சின் வந்துவிட்டது. என் இரண்டு ஹெச்பி அதற்குப் பக்கத்தில் குழந்தை.

டம்ளரை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். செயலாளர், ஆட்கள், என் வீட்டுக்காரர் எல்லாரும் நின்றார்கள். நான் ஆண்கள் கூட்டத்தில் நின்று பேசிப் பழகியவள் இல்லை. காரியம் அப்படி.

"இதைய ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றேன் செயலாளரிடம்.

அவர் தரையைப் பார்த்தபடியே வாங்கிக் குடித்தார். முகம் சுளித்தார்.

"நேத்து இவ்வளவு இல்லையே?"

"இல்லீங்க. நேத்து நாங்க அடி வரைக்கும் எறைச்சுப்போட்டோமுங்க. அதுல வந்ததுதான் இது. உங்க இஞ்சின் இன்னும் பெருசு. அதைய ஓட்டுனா மீனே வருமுங்க."

இஞ்சினோடு வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். செயலாளர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"அப்ப என்னதாம்மா செய்யிறது?"

"இஞ்சினை அனுப்பிடுங்க. அந்தம்மா ஊட்லயே இருக்கட்டும். பழைய சின்ன மோட்டாரையே சுத்திக் குடுத்துட்டுப் போறேன். மேலாப்புல கொஞ்சங் கொஞ்சமா எடுக்கட்டும். அந்தத் தண்ணியத் தூரமாக் கொண்டுபோய் விடோணும். மழை வந்தா மாறும்."

"அதுவரைக்கும் இந்தச் சந்து என்ன குடிக்கும்?"

"லாரிக் குழாயைச் சந்துக்குள்ள நீட்டுங்க. லாரிதானே வர முடியாது? குழாய் ஆம்பளை இல்லீங்களே."

"பார்க்கலாம்" என்றார். எங்கள் ஊரிலும் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் டிராக்டரைத் திருப்பச் சொன்னார். அந்தச் சின்னத் தெருவில் டிராக்டர் திரும்புவதற்குள் எல்லாருக்கும் உயிர் போய்விட்டது.

உள்ளே வந்து சொன்னேன். வெள்ளைச் சேலைக்காரி பையைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட்டாள்.

முற்றத்தில் உட்கார்ந்து எரிந்த கம்பியை வெட்டி எடுத்தேன். என் வீட்டுக்காரர் சந்து முனைவரை கொண்டுவந்து வைத்த லாரித் தண்ணீரில் மோட்டார் உடலைக் கழுவினேன். குடிக்கிற தண்ணீர். ஒரு குடம் செலவானது. யாரும் முகம் சுளிக்கவில்லை. புதுக் கம்பி சுற்றினேன். பக்கத்து வீட்டம்மா எதிரே குந்திக்கொண்டு பார்த்தாள்.

"பூத் தொடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"பூவுன்னா சாயங்காலம் வாடிப்போகுமுங்க. இது வாடாது. எரியும்."

வார்னிஷ் காய்வதற்குள் மதியம் தாண்டிவிட்டது. இந்த முறை போனை ஸ்பீக்கரில் போடவில்லை. போல்ட் நான் கழற்றியதுதானே, மாட்டவும் தெரிந்தது. புட்வால்வை எங்கே நிறுத்த என்று அவளைக் கேட்டேன். கிணற்று உறையில் ஒரு வளையத்தைக் காட்டினாள். "அவுஹ இங்கதான் வச்சிருந்தாஹ." அங்கேயே நிறுத்தினேன். சுவிட்சைப் போட்டாள். ஒல்லியாகத் தண்ணீர் வந்தது. உப்புத்தான். அதைத் தூர விடப் பெரிய தெருச் சாக்கடை வரைக்கும் குழாய் நீட்டினோம்.

கிளம்பும்போது ஈரோட்டு மஞ்சள் ஒரு பாக்கெட் கொடுத்தேன். அவள் என் போன் நம்பரைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டாள்.

இன்னும் இரண்டு தெருவில் வேலை பார்த்தோம். எல்லாம் ஆண்கள் இருந்த வீடுகள். அவர் உள்ளே, நான் டெம்போவில். எல்லா இடத்திலும் சின்ன மோட்டார்தான் போட்டார். கேட்டதற்கு, ஸ்டாக் அதுதான் இருக்கிறது என்றார். இரண்டு ஹெச்பி பின்னால் அப்படியே கிடந்தது.

"கடல் எந்தப் பக்கமுங்க?" என்றேன் ஊரைவிட்டு வரும்போது.

"பொறவால இருக்குது."

"நிறுத்துங்க, பார்த்துட்டுப் போலாம்."

"நேத்துத்தான் கெணத்துலயே பார்த்தியே."

நிறுத்தவில்லை. தறி மோட்டார்கள் கடையில் காத்திருந்தன. கரூர் வரும்வரை நான் பேசவில்லை.

மழைக்காலம் போனது. ஒருநாள் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கைகளில் வார்னிஷ். ஸ்பீக்கரில் போட்டேன்.

"லாத்தா, நான்தான். கிணத்து வீடு. இத்தா முடிஞ்சிடுச்சு. நேத்துத்தான் வாசல்ல இறங்கினேன்." லாத்தா என்றால் அந்த ஊரில் அக்கா.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்பானரோடு குனிந்திருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்தார். கடைக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"தண்ணி எப்படிங்க?"

"மழை நல்லா பேஞ்சுச்சு. சோறு வேகுது. டீக்கு இன்னும் ஆகல, பால் திரியுது."

"லாரிக் குழாய் சந்துக்குள்ள வருதுங்களா?"

"கொஞ்ச நாள் வந்துச்சு. இப்ப மறுபடியும் பெரிய தெருவுலதான் நிக்குது."

அதைக் கேட்டு எனக்குத் திகுதிகுவென்று வந்தது. என்ன செய்ய? இங்கிருந்து யாரிடம் போய்ச் சண்டை போட?

வெளியே இருந்தபடியே அவர் கத்தினார்.

"புட்வால்வு அதே வளையத்துல இருக்குதான்னு கேளு அம்மிணி! யாராச்சும் கீழ எறக்கிப்போட்டாங்களான்னு கேளு!"

போனில் ஒரு நொடி சத்தமில்லை. முக்காட்டை இழுத்திருப்பாள்.

"அதே வளையத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க லாத்தா" என்றாள். "யாரையும் தொட விடலன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.